பாப்பாவுக்குக் கூப்பிட ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர் வேண்டுமா?

ஜனவரி 6 – கூடலூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது

"எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பாட்டி பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அந்தப் பெயரை இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். அது வீட்டில் கூப்பிட இருக்கட்டும், சான்றிதழில் புதுப் பெயராக ஒன்று போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் செய்வதுதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது?"

ஜனவரி 6, இரவு

வேண்டாம் என்பதுதான் என் பதில். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறீர்களோ அதையே சான்றிதழிலும் எழுதுங்கள்.

நான் கோத்தகிரியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா என்று எத்தனையோ வேலைக்கு ஆட்கள் வந்தாலும் ஒருநாள் தவறாமல் வருவது பெயர்ச் சிக்கல்தான். ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொன்று. வீட்டில் கூப்பிடும் பெயர் இந்த மூன்றிலுமே இருக்காது. ஒரு வயதான அம்மா உதவித்தொகை விஷயமாக வந்திருந்தார். அட்டையில் இருந்த பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு "உங்களத்தாம்மா கூப்பிடுறாங்க" என்ற பிறகுதான் எழுந்து வந்தார். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வாத்தியார் போட்ட பெயராம் அது. அந்தப் பெயரில் அவருக்கு ஓட்டு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட மனிதர் என்று ஒருவர் இல்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

என் தம்பிக்கும் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான். பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு, அதாவது எனக்கு. அதனால் இங்கே நான் எழுதுவதெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குச் சொல்லும் யோசனை மட்டும் இல்லை.

ஜனவரி 7, காலை

பெயர் முடிவாகாமல் எத்தனை நாள் தள்ளலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பதறவே வேண்டாம். 1969-ஆம் வருடச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். குழந்தையின் பெயர் இல்லாமலே பதியலாம். அப்புறம் 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதையும் தாண்டினால் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, வேறு பெயராக மாற்றுவதற்கு அங்கே வழி இல்லை. ஆற அமர யோசிக்க ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். தொட்டில் போடும் நாளுக்குள் சான்றிதழும் கைக்கு வர வேண்டும் என்று ஏன் இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒன்று முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாயில் வந்த பெயரைச் சொன்னால் அதுவே நிலைத்துவிடும். இனி முதல் காகிதத்தில் எழுதுவதுதான் கடைசி வரைக்கும் கூடவே வரும்.

ஜனவரி 7, இரவு

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் மேலே பேசுவது சரியில்லை.

என் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, பெயர் செல்லாயி. பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்தவர்கள் நாங்கள். கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. சிலோனில் இருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசாங்கம் நட்ட டான்டீ தோட்டத்தில் அப்பாயி கடைசி வரை கொழுந்து எடுத்தார். தோட்டத்தில் ஒருநாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்களாம். கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும். "நான் ஒருநாளும் அரைப் பேரு வாங்குனதில்ல" என்று அப்பாயி அடிக்கடி சொல்வார், அதில் அவ்வளவு பெருமை அவருக்கு.

அப்பாயியின் பாஸ்போர்ட்டில் செல்லம்மா என்று இருக்கும். எழுதிய ஆள் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. லட்சுமியை லெட்சுமி என்றும், ராமாயியை ராமம்மா என்றும் அப்படி நிறைய எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இங்கே வந்த பிறகு குடும்ப அட்டையில் செல்லாயி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க என் அப்பா எத்தனை மேசைக்கு நடந்தார் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். இந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பாப்பாவுக்குச் செல்லாயி. வீட்டிலும் அதுவே, சான்றிதழிலும் அதுவே. என் கட்சி இதுதான்.

ஜனவரி 11

தம்பி மனைவியின் ஊர் காரமடை. அங்கே ஜாதகம் எழுதிவிட்டார்கள். பாப்பா அஸ்த நட்சத்திரம், இரண்டாம் பாதம். எழுத்து 'ஷ'.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. பிறந்த பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அஸ்தத்துக்குப் பு, ஷ, ண, ட. இந்த நான்கில் தமிழ்ச் சொல் தொடங்கக்கூடிய எழுத்து பு ஒன்றுதான். முதல் பாதத்தில் பிறந்திருந்தால் புவனா, புனிதா, பூங்கொடி என்று எங்கேயாவது போய் நின்றிருப்போம். மூன்றாம் பாதமாகி 'ண' வந்திருந்தால் என்ன செய்வார்கள் என்று தம்பி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இப்போது ஊரெல்லாம் ஷ், ஸ்ரீ, க்ஷ் என்று பெயர் வைப்பதில் பாதி இந்த எழுத்துக் கணக்கால் வருகிறது, மீதி ஒருவரைப் பார்த்து ஒருவர் வைப்பது. ஷன்விகா, ஷ்ரிதன்யா என்றெல்லாம் ஒரு பட்டியலே தயாராகி வந்திருக்கிறது. அழகான பெயர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அம்மாவுக்கு அதில் ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. பேத்தியைக் கூப்பிடவே பாட்டி பாடம் படிக்க வேண்டுமா?

ஜனவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

திருவாதிரையில் பிறந்த ஒரு குழந்தையின் அப்பா எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு வந்த எழுத்து 'ங'. மூன்று மாதம் தேடிப் பார்த்துவிட்டு முருகன் பெயரை வைத்துவிட்டார்களாம். நல்ல காரியம்.

ஜனவரி 12

எண் கணிதம் பற்றிக் கேட்டவருக்கு. நட்சத்திர எழுத்தையாவது ஒரு வழக்கம் என்று ஏற்றுக்கொள்ளலாம். கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்பதற்காக ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பையன் பிறப்புச் சான்றிதழில் பெயரின் நடுவே ஒரு 'ஏ'யும் கடைசியில் ஒரு 'எச்'சும் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். பள்ளியில் சேர்த்த நாளில் டீச்சர் வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதிவிட்டார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அப்படியே வந்தது. பிறகு ஆதார், வங்கி, கல்லூரி, எல்லா இடத்திலும் இது ஒருவரா இரண்டு பேரா என்ற கேள்வி. அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் அந்த எழுத்தைச் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

ஜனவரி 15

பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். அங்கே நடந்த ஒன்று, முதல் நாள் நான் எழுதியதை மறுபடி யோசிக்க வைத்துவிட்டது.

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு "செல்லாயி, அத்தையப் பாரு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்து அம்மா வந்து "அப்படி நேரா பேரச் சொல்லாதடி" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அம்மாவுக்கு அது மாமியார் பெயர். அப்பாயி இருந்தவரைக்கும் அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். இறந்து இத்தனை வருடம் கழித்து ஒரு கைக்குழந்தையை அந்தப் பெயரால் "ஏய் செல்லாயி, வாயில என்ன?" என்று அதட்டச் சொன்னால் அவரால் எப்படி முடியும்?

நம் ஊர்களில் கூப்பிடும் பெயர் தனியாக முளைத்தது இப்படித்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிடுவார்கள், அந்தப் பெயரைச் சொல்லி மருமகள் திட்ட முடியாது, அதனால் ராசா, தம்பி, கண்ணு, பாப்பா என்று ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். மரியாதையில் பிறந்த வழக்கம் அது. கூடலூர்க்காரர் கேட்பது வேறு. அவர் பெரியவர் பெயரை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே காட்டத் தயங்குகிறார். இரண்டு பெயர் என்றாலே வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொன்னதை இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: பெரியவர் பெயர் காகிதத்தில் இருந்து, செல்லப் பெயர் வாயில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரியவர் பெயரைக் காகிதத்தில் இருந்து தள்ளிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 19

நீலகிரி மலையில் மற்ற சமூகத்தார் எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

படுகர் கிராமங்களில் பெள்ளி, ஜோகி, ஆலன், லிங்கன், நஞ்சன், மாதி, மாசி என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வரும் பெயர்கள் உண்டு. தாத்தா பெயர் பேரனுக்குத் திரும்புவது அங்கேயும் இருக்கிறது. என்னோடு படித்த படுகத் தோழி வீட்டில் அவள் தம்பிக்குப் பள்ளியில் ஒரு பெயர், ஹட்டியில், அதாவது அவர்கள் கிராமத்தில், தாத்தா பெயர். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போகும்போது அவனை யாரும் பள்ளிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

தோடர்கள் வழக்கம் நேர் எதிர். இறந்தவர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களிடம் இருந்ததை ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் 1906-லேயே எழுதி வைத்திருக்கிறார். பச்சைக் குழந்தையின் முகத்தை மூடியே வைத்திருந்து, ஒருநாள் சடங்கு செய்து முகத்தை வெளியே காட்டுவதும் அவர்களிடம் உண்டு. நாம் போனவர் பெயரைக் குழந்தையிடம் கொடுத்து அவரைத் தினமும் கூப்பிடுகிறோம், அவர்கள் அந்தப் பெயரைத் தொடாமல் காக்கிறார்கள். எங்கள் அம்மா செல்லாயி என்று சொல்லத் தயங்கியதைப் பார்த்தபிறகு இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது.

பெள்ளி பற்றி ஒன்று. தெப்பக்காடு யானை முகாமில் ரகு, பொம்மி என்ற குட்டி யானைகளை வளர்த்த பெள்ளியை, 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தால் உலகத்துக்கே தெரியும். அவர் காட்டுநாயக்கர் பெண். அதே பெயர் படுகரிடம் ஆண் பெயர். ஒரே மாவட்டம், முதுமலையில் அது பாட்டி, குன்னூரில் அது தாத்தா. ஒரு பெரியவரின் விண்ணப்பத்தில் பாலினம் பெண் என்று விழுந்து அவர் அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து தட்டச்சு செய்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஜனவரி 20

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். படுகர்களின் பெரிய தலைவர், ஊட்டி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நடத்திய ஹெச். பி. ஆரி கவுடர் பெயரில் ஹெச் என்பது ஹுப்பத்தலை, பி என்பது பெள்ளி. ஊர், அப்பா, தன் பெயர், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜனவரி 26

தம்பி மனைவி இன்று மனம் விட்டுப் பேசினாள். இத்தனை நாள் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தவள்.

"அண்ணி, எனக்கு அப்பாயி மேல கோபமா? அவங்களப் பத்தி நீங்க சொல்றதெல்லாம் கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஆயின்னு முடியுற பேர வச்சா கிளாஸ்ல பிள்ளைங்க என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியும். நான் ஸ்கூல்ல ரங்காயின்னு பட்டது போதும்."

அவளுடைய பள்ளிப் பெயர் அது இல்லை. பாட்டி பெயரைச் சேர்த்துப் பிள்ளைகள் கூப்பிட்டது. காரமடை ரங்கநாதரை வைத்து ரங்கன், ரங்கம்மாள், ரங்காயி என்று அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவள் பாட்டியும் ரங்காயி. பள்ளியில் ஆயி என்று இழுத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இரண்டு வருடம் அந்தக் கேலியில் அழுதிருக்கிறாள். எந்தப் பிள்ளைக்கும் அந்த வார்த்தை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு இங்கே சிலர் உடனே "பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்யும், பழகிவிடும்" என்று எழுதுவீர்கள். போன வாரம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எதிரே உட்கார்ந்து கண் கலங்கப் பேசுகிறவளிடம் அதைச் சொல்ல முடியாது. பத்து மாதம் சுமந்தவள் அவள், ராத்திரி முழுக்க விழித்திருப்பவள் அவள். காதில் பெயர் சொல்வதுதான் அத்தையின் வேலை. எந்தப் பெயர் என்பதில் அம்மாவின் சொல்தான் கடைசி. இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

ஆனால் ஷன்விகா வேண்டாம் என்பதில் அவளும் என் பக்கம்தான்!

ஜனவரி 28

குறிஞ்சி என்று வைக்கலாமே என்று பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒருவர். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்திலேயே வீடாம். அருமையான பெயர். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தபோது பிறந்த ஒரு குறிஞ்சி எங்கள் தெருவிலும் இருக்கிறாள், கெட்டிக்காரப் பெண். அடுத்த பூப்பு 2030. அதற்குள் பிறக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று சட்டமா என்ன, வைக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் பக்கத்துப் பெட்டியில் கணினியே தமிழில் எழுதிவிடும். அது எழுதுவது 'குரிஞ்சி'. பழனி என்றால் 'பலனி', வள்ளி என்றால் 'வல்லி', கண்ணன் என்றால் 'கன்னன்'. அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, சேமித்து அச்சாகி வந்தபிறகு வீட்டில் போய்ப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறார்கள். தமிழ்ப் பெட்டியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்ல வேண்டும். ழ, ள, ற, ண உள்ள பெயர் என்றால் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், எங்கள் வேலையே அதுதான்.

பிப்ரவரி 2

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

அம்மாவிடம் தம்பி மனைவி சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்க பாஸ்போர்ட்டுல இருந்த பேரையே வையுங்களேன்" என்றார். அது எழுதினவன் செய்த கோளாறு, அதையா பாப்பாவுக்கு வைப்பது என்று கேட்டேன். யார் சொன்னது கோளாறு என்று திருப்பிக் கேட்டார்.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரும் மருமகளும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். அப்போது அப்பாயி சொன்னதாம். சிலோன் தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் செல்லாயி நிறையப் பேர். பெரிய செல்லாயி, சின்னச் செல்லாயி, மேட்டு லயத்துச் செல்லாயி. அப்பாயி கறுப்பு என்பதால் கணக்குப்பிள்ளை அவருக்குப் போட்ட பெயர் கறுத்தச் செல்லாயி. ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக் களத்தில் தினமும் காலையில் அத்தனை பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவானாம். இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் எழுதும் நாளில், எழுதுகிறவர் பெயர் கேட்டதும் அப்பாயி, "செல்லம்மான்னு போடுங்க. போற எடத்துல என்னை அப்படிக் கூப்பிடட்டும்" என்றிருக்கிறார்.

இங்கே வந்தபிறகும் கூட வந்தவர்கள் செல்லாயி என்றே கூப்பிட்டார்கள், குடும்ப அட்டை எடுக்கும்போது தாத்தா பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டார். அப்பாயியும் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இது என் அப்பாவுக்கே தெரியாது. மாமியார் மருமகளிடம் மட்டும் சொன்ன சங்கதி.

அந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரம் மடங்கி, படத்தின் மேல் முத்திரை பாதி விழுந்து, கையெழுத்து இடத்தில் பெருவிரல் ரேகை. எழுதத் தெரியாதவர். எழுதப்படும் தன் பெயர் என்னவாக இருக்க வேண்டும் என்று அந்த ஒரு தடவை அவரே சொல்லியிருக்கிறார்.

காகிதப் பெயர் என்றாலே யாரோ ஒருவர் நம்மேல் திணித்தது என்று என் வேலையில் தினமும் பார்த்துப் பார்த்து அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி தனக்கென்று கேட்டு வாங்கிய பெயரும் காகிதத்தில் இருக்கலாம்.

பிப்ரவரி 3

தம்பி மனைவியிடம் சொன்னேன். "செல்லம்மாவா? அண்ணி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று பாப்பாவைப் பார்த்தாள். முடிந்தது.

பிப்ரவரி 9

நேற்று தொட்டில் போட்டோம். குளிர் இன்னும் விடவில்லை, கூடத்தில் கணப்பு வைத்து அதைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தாய்மாமன் காரமடையில் இருந்து வெள்ளி அரைஞாணும் வசம்பு வளையலும் கொண்டுவந்திருந்தார். நட்சத்திரப் பெயராக ஷண்முகப்பிரியா என்று முடிவு செய்திருந்தார்கள், அதை வலது காதில் மூன்று தடவை சொன்னேன். ஜாதகத்தில் அந்தப் பெயர் இருக்கட்டும், அந்த வீட்டுப் பெரியவர்களுக்கும் மனநிறைவு. அப்புறம் எல்லோரும் கேட்கச் செல்லம்மா என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தோம்.

அம்மா என்ன செய்வார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பதைப்பு. குனிந்து "செல்லம்… என் செல்லம்" என்றார். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. யார் வீட்டுக் குழந்தையையும் அப்படித்தானே கொஞ்சுவோம். வளர்ந்த பிறகு அதட்ட வேண்டிவந்தாலும் "ஏ செல்லம்" என்று அதட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 10

மூன்று பெயர் ஆகிவிட்டதே என்று ஒருவர் கேட்கிறார். ஆகட்டும். காதில் சொன்னது ஜாதகத்தோடு இருக்கும். கூப்பிடுவது காகிதத்தில் உள்ளதன் பாதி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது செல்லம்மா என்று கூப்பிட்டால் எங்கள் பெண் எழுந்து வருவாள்.

பிப்ரவரி 13

முன்னெழுத்து பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக.

சாதிப் பெயரைப் பின்னால் போடுவதை விடவேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம், அது நமக்குப் பெருமைதான். சிக்கல் வருவது பாஸ்போர்ட்டில். அங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அப்பா பெயரை அதில் போடுகிறோம், வெளிநாடு போனால் பெண்ணை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதற்குச் சுலபமான தீர்வு என்னிடம் இல்லை. அப்பா பெயரை எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருந்தால் பாதித் தலைவலி குறையும்.

அம்மா பெயரின் முதலெழுத்தையும் போடலாம், தமிழ்நாட்டில் தடை இல்லை. தம்பியும் அவன் மனைவியும் இரண்டு எழுத்தும் போடுகிறார்கள். தமிழில் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சேர்க்கும் மனுவை நேற்றே கொடுத்தாயிற்று. சான்றிதழ் வந்ததும் நீல நிறக் குழந்தை ஆதாருக்குப் போட வேண்டும், 5 வயது வரை கைரேகை, கண் பதிவு எதுவும் கிடையாது, பெற்றோரில் ஒருவர் வந்தால் போதும். ஆங்கிலத்தில் அடித்தால் எப்படி வருகிறது என்று இன்று மையத்தில் போட்டுப் பார்த்தேன். தமிழ்ப் பெட்டியில் 'செல்லம்ம' என்று நிற்கிறது. பதிவன்று அந்தத் துணைக்காலை நானே கையால் போட்டுக்கொள்கிறேன்.